கயாக்கில் எத்தனை லூர் போதும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். ஏரிக்கரையில் உட்கார்ந்து மண்புழுவும் தக்கையுமாக மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. ராடும் (தூண்டில் கோல்) லூரும் (போலி இரை) கைக்கு வந்தது வெகு காலம் கழித்து. காற்றடைக்கும் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை வாங்கியது அதற்கும் பிறகு. கயாக்கைப் பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் டீக்கடையில் யாராவது நிறுத்திக் கேட்காமல் விடுவதில்லை. ஓசூர், தர்மபுரி பக்கத்துத் தம்பிகளும் போன் போட்டுக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். ஒவ்வொரு தடவையும் பாதி சொல்லி மீதியை மறந்துவிடுகிறேன். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணா, என்கிட்ட நாற்பது லூர் இருக்கு. கயாக்கில் எத்தனை எடுத்துப்போகட்டும்?

ஐந்து. ஆறாவதை எடுத்தால் ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை வீட்டில் வைத்துவிடுங்கள்.

கரையில் நிற்கும்போது பெட்டியைத் தரையில் விரித்து, குத்தவைத்து உட்கார்ந்து தேடலாம். கயாக்கில் கை எட்டுகிற தூரம்தான் உங்கள் உலகம். பின்னால் திரும்பி எடுக்க முயன்றால் படகு சாயும். மடியில் பெட்டியைத் திறந்து வைத்த நேரத்தில் மீன் கடித்தால் பெட்டி தண்ணீரில். எனக்கு அப்படி ஒரு பெட்டியே போயிருக்கிறது. உள்ளே இருந்தவற்றில் பாதி நான் ஒரு தடவைகூட வீசிப் பார்க்காதவை.

இன்னொன்று, லூர் மாற்றும் நேரத்தில் கயாக் சும்மா நிற்காது. முடிச்சு அவிழ்த்து, கட்டி, நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் குறிவைத்திருந்த அல்லிக்கொடி முப்பது அடி தள்ளிப் போயிருக்கும். திரும்பத் துடுப்புப் போட்டுப் போனால் அங்கே இருந்த விரால் சத்தத்துக்கே நகர்ந்திருக்கும். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரைதான் நம் பக்கத்து ஏரிகளில் நல்ல நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் பத்து தடவை லூர் மாற்றுகிறவரையும் பார்த்திருக்கிறேன், வீட்டுக்குப் போகும்போது அவர் பை எப்படி இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

லூர் என்றால் சரியாக என்ன?

உயிருள்ள இரைக்குப் பதிலாகப் போடுகிற போலி இரை. குட்டி மீன், தவளை, எலி, புழு மாதிரி ரப்பரிலோ, கட்டை மாதிரி கெட்டியான பிளாஸ்டிக்கிலோ, தகரத்திலோ செய்திருப்பார்கள். பெரும்பாலும் அதற்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது. அசைவும் அதிர்வும்தான் மீனை ஏமாற்றுகின்றன. ஆகவே வீசிவிட்டு பீடி பற்றவைக்க முடியாது. இழுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், திரும்ப இழுக்க வேண்டும். தக்கையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்கிற என் மாமாவுக்கு இது மீன்பிடிப்பாகவே தெரியவில்லை. "கையில வலிப்பு வந்தவன் மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கான்" என்பார்.

கட்லா, ரோகு லூரில் விழுமா?

விழாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஏரிகளில் குத்தகைதாரர்கள் விடும் குஞ்சுகள் பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது. ரோகு நடுத் தண்ணீரில் பாசி, செடி என்று மேய்வது. மிர்கால் அடிச்சேற்றைக் கிளறுவது. ஓடுகிற மீனைத் துரத்திக் கடிக்கும் குணம் மூன்றுக்கும் கிடையாது. பத்து கிலோ கட்லா கண் முன்னால் துள்ளினாலும் லூரை வீசி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்குத் தவிட்டு மாவு உருண்டைதான்.

லூருக்கு வருபவை வேட்டையாடும் மீன்கள். விரால் முதலில். அதன் சின்னத் தம்பி குரவை. அணைத் தண்ணீரில் வாளை. ஜிலேபி பாசி தின்னும் மீன்தான், ஆனால் தன் இடத்துக்குள் எது வந்தாலும் முட்டித் தள்ளும். அந்தக் கோபத்தில் சின்ன ஸ்பின்னரில் மாட்டுவது உண்டு. கெளுத்தி எப்போதாவது, அதுவும் அடிமட்டத்தில் மெதுவாக இழுக்கிற ரப்பர் மீனில்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும், நமக்குத் தேவையான லூர் வகை எவ்வளவு குறைவு என்று. கடைக்காரர் தொங்கவிட்டிருக்கும் லூர்களில் முக்கால்வாசி வெளிநாட்டு மீன்களையும் கடல் மீன்களையும் மனத்தில் வைத்துச் செய்தவை.

சரி, அந்த ஐந்து எது?

எனக்குச் சரிப்பட்டதைச் சொல்கிறேன். மீனின் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் ஏரியில் தண்ணீர் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

முதலாவது, உள்ளே காற்று இருக்கிற ரப்பர் தவளை. பத்திலிருந்து பன்னிரண்டு கிராம். இரட்டைத் தூண்டில் முள் மேல்நோக்கி, உடம்போடு ஒட்டிப் படுத்திருக்கும். அதனால் ஆகாயத்தாமரை மேலும் அல்லி இலை மேலும் மாட்டாமல் நழுவி வரும். விரால் கடித்து உடம்பு அமுங்கும்போதுதான் முள் வெளியே வரும். நம் பக்கத்து ஏரி பாதி செடியாகவும் பாதி தண்ணீராகவும் இருப்பதால், இது ஒன்றே என் பாதி நாளை எடுத்துக்கொள்கிறது. வாங்கும்போது கையில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். கட்டைவிரலுக்கே அமுங்காத தவளை விராலின் வாயிலும் அமுங்காது. முள் நுனி உடம்பைவிட்டு வெகுவாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, கம்பியைச் சுற்றி இலை மாதிரித் தகடு சுழலும் ஸ்பின்னர். ஐந்து முதல் ஏழு கிராம். மதகுப் பக்கம், உபரி நீர் கோடி வழிகிற இடம், செடியில்லாத திறந்த தண்ணீர், எல்லாவற்றுக்கும் இது. எதுவும் தெரியாதவர்கூட வீசிச் சுருட்டினால் போதும், வேலையைத் தகடு பார்த்துக்கொள்ளும். ஒரே தொல்லை, தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். முன்னால் ஒரு சுழல் வளையம் கட்டாயம்.

மூன்றாவது, வால் ஆடும் ரப்பர் மீன், மூன்று அங்குலம். முள்ளின் நுனியை ரப்பருக்குள் லேசாகப் புதைத்துக் குத்தும் வளைந்த முள் கிடைக்கிறது. அப்படிப் போட்டால் வேலம்பாசிக்குள்ளும் இறங்கும். விரால் வாலைக் கடித்துக்கொண்டு போய்விடும், அது போகட்டும், விலை குறைவு. நான்கைந்து உதிரி மீன்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் போதும். அவற்றைத் தனித்தனி லூராக எண்ணாதீர்கள்!

நான்காவது, முன்னால் நாக்கு மாதிரி தகடு வைத்த கட்டைக் குட்டி மீன். ஏழு சென்டிமீட்டர் நீளம், ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் முங்காதது. நாக்கைப் பார்த்தாலே ஆழம் சொல்லிவிடலாம். குட்டையாகச் செங்குத்தாக இருந்தால் மேலோட்டமாக ஓடும், நீளமாக மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தால் ஆழம் போகும். ஏரிகளுக்கு முதல் வகை போதும். இரண்டாவது வகையை வாங்கி ஏரியில் இழுத்தால் சேற்றை உழுதுகொண்டு வரும்.

ஐந்தாவது, பத்து கிராம் ஸ்பூன், அதாவது கரண்டி வடிவத் தகடு. காற்று நாளுக்கு மட்டும். அமைதியான நாளில் அது பெட்டியிலேயே தூங்கும்.

தவளையை "தொபுக்"குனு அடிக்குது, இழுத்தா வெறும் தவளைதான் வருது. ஏன்?

அவசரம். எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது, எனக்கும் முதல் ஒரு மாதம் இதுதான் நடந்தது.

விரால் செடிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி வந்து அடிக்கிறது. அடித்த உடனே தவளை முழுதாக வாய்க்குள் போயிருக்காது. சத்தத்தைக் கேட்டுக் கை தானாக ராடைத் தூக்கிவிடும். தூக்கக் கூடாது. ராடு நுனியைத் தாழ்த்தி, தொய்வை மெதுவாகச் சுருட்டி, எடை கையில் தெரிகிறதா என்று பாருங்கள். ஈரத்துணியைக் கட்டி இழுத்த மாதிரி கனம் தெரிந்தால் அப்போது ஓர் இழுப்பு.

கயாக்கில் அந்த இழுப்பும் கரையில் மாதிரி கிடையாது. கரையில் காலை ஊன்றி தலைக்கு மேல் தூக்கலாம். இங்கே உட்கார்ந்திருக்கிறோம், படகும் லேசு. தலைக்கு மேல் வீசி இழுத்தால் ஒன்று பின்னால் சாய்வோம், இல்லை மீனிருக்கும் பக்கம் படகே நகர்ந்து பாதி விசை வீணாகும். ராடைத் தண்ணீருக்கு இணையாக வைத்துப் பக்கவாட்டில், இடுப்பைத் திருப்பி நீளமாக இழுக்க வேண்டும். மீன் படகைத் தன் பக்கம் திருப்பினால் திருப்பட்டும். தலை மட்டும் படகின் விளிம்பைத் தாண்டிப் போகக் கூடாது, தலை போன பக்கம்தான் உடம்பும் போகும்.

தவறவிட்டால் அதே இடத்தில் உடனே திரும்ப வீசாமல் ஒரு நிமிடம் விட்டு, ரப்பர் மீனை அந்த ஓட்டைக்குள் இறக்கிப் பாருங்கள். தவளையை நம்பாமல் போன விரால், முங்குகிற இரையை எடுத்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு ராடு கொண்டுபோகிறவர்கள் ஒன்றில் தவளை, இன்னொன்றில் ரப்பர் மீன் என்று கட்டி வைத்திருப்பது இதற்குத்தான். மூன்றாவது ராடு வேண்டவே வேண்டாம்.

விரால் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?

அது காற்றை விழுங்க மேலே வந்தாக வேண்டிய மீன். செவுள் மட்டும் அதற்குப் போதாது. துடுப்பை மடியில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். செடி ஓரத்தில் தண்ணீர் ஒரு முறை கொப்பளித்து அடங்கும். அதற்கு ஒன்றிரண்டு அடி தள்ளி வீசி, அந்த இடத்தின் மேலாக இழுத்து வாருங்கள். தலையிலேயே போட்டால் ஓடிவிடும்.

எந்த நிறம் வாங்கலாம்?

இந்தக் கேள்வியில்தான் கடைக்காரர்கள் பிழைக்கிறார்கள். எனக்கு இரண்டு நிறம் போதும்: கறுப்பும் வெள்ளையும். தவளை கறுப்பு, ரப்பர் மீன் வெள்ளை.

மிதக்கிற லூரை மீன் கீழேயிருந்து வானத்தின் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்கிறது. அதற்குத் தெரிவது நிழலுருவம். முதுகில் வரைந்த பச்சைப் புள்ளி நமக்குத்தான் அழகு. விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் கறுப்பு நன்றாகத் தெரியும்.

கலங்கிய தண்ணீரில் மட்டும் கொஞ்சம் மாற்றலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, அதற்குப் பிறகு நாங்கள் போன ஏரியெல்லாம் டீ மாதிரி கிடந்தது. அந்த மாதிரி நாளில் நிறத்தைவிட சத்தம்தான் உதவும். ஸ்பின்னரின் அதிர்வை மீன் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டால் உணர்ந்துகொள்ளும். எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் மீன் இருந்தால் அன்றைக்குப் போடலாம். கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் மாதிரி பச்சைப் பாசி ஏறியதற்கும் அதேதான்.

மூன்று முள் உள்ள லூரைக் கயாக்கில் வேண்டாம் என்கிறீர்களாமே?

ஆமாம். காரணம் என் தொடையில் இருக்கிறது.

கட்டைக் குட்டி மீனுக்கு வயிற்றில் ஒரு மும்முள், வாலில் ஒரு மும்முள். அன்றைக்கு வால் முள்ளில் ஒரு கிலோ விரால். வலை எடுத்துப்போகவில்லை. நரம்பைப் பிடித்துத் தூக்கி மடியில் போட்டேன். விரால் துள்ளிய முதல் துள்ளலில் வயிற்று முள் என் பேன்ட்டைத் தாண்டித் தொடையில் ஏறியது. இப்போது ஒரு பக்கம் விரால், ஒரு பக்கம் நான், நடுவில் ஏழு சென்டிமீட்டர் பிளாஸ்டிக். அது துள்ளத் துள்ள எனக்கு உயிர் போய் வந்தது. படகு ஏரி நடுவில். விராலைத் துண்டால் போர்த்தி அமுக்கிக்கொண்டு, மூக்கு பிளேயரால் வளையத்தை விரித்து லூரை முள்ளிலிருந்து கழற்றினேன். முள்ளோடு கரைக்கு வந்து, மருத்துவமனைக்குப் போய், டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டேன். விரால் மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு மும்முள்ளையும் கழற்றிவிட்டு வாலில் மட்டும் ஒற்றை முள் மாட்டுகிறேன். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை பிளேயரால் அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறேன். சில மீன் கூடுதலாகத் தப்பும்தான். ஆனால் கையில் குத்தினாலும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், வலையில் சிக்கினாலும் உடனே எடுக்கலாம். முள்ளையே வெட்டுகிற கட்டிங் பிளேயர் ஒன்றை கயிறு கட்டி லைஃப் ஜாக்கெட்டில் தொங்கவிடுங்கள்.

துடுப்புப் போட்டுக்கொண்டே லூரை இழுத்துப் போகலாமா?

தாராளமாக. கயாக்கின் பெரிய லாபமே அது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிற நேரம் கரைக்காரனுக்கு வீண், நமக்கு அதுவும் மீன்பிடி நேரம். நாக்கு வைத்த குட்டி மீனை இருபது மீட்டர் பின்னால் விட்டு, நடக்கிற வேகத்தில் துடுப்புப் போட்டால் போதும். ராடு நுனி "டக் டக்" என்று சீராக ஆடிக்கொண்டிருக்கும். ஆட்டம் நின்றால் லூரில் பாசி சுற்றிக்கொண்டது என்று அர்த்தம், எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். ராடைக் காலுக்கு இடையில் செருகி வைக்காதீர்கள், தாங்கியில் மாட்டி, கயிறும் கட்டுங்கள். நேர்க்கோட்டில் போகாமல் லேசாக வளைந்து வளைந்து போனால் லூர் வேகம் கூடிக் குறையும். கடி பெரும்பாலும் வளைவில்தான் வரும்.

காற்று அடிக்கும்போது?

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், காற்றடைத்த கயாக் எம்மாத்திரம். ஆடி மாதத்தில் காலை ஒன்பது மணிக்குமேல் நான் தண்ணீரில் இருப்பதில்லை. லேசான காற்று என்றால் கனமான ஸ்பூன், இல்லாவிட்டால் ஸ்பின்னர். தவளை காற்றில் பட்டம் மாதிரி திரும்பி வரும். காற்று வரும் திசையில் முதலில் துடுப்புப் போட்டுப் போய்விட்டு, திரும்பும்போது காற்றோடு மிதந்துகொண்டே வீசுங்கள். எதிர்மாறாகச் செய்து, களைத்துப்போய், அக்கரையில் இறங்கிக் கயாக்கைத் தலையில் சுமந்து வந்தவர்களில் நானும் ஒருவன்.

ராசியான லூர் என்று ஒன்று இருக்கிறதா?

சிரிக்காதீர்கள், எனக்கு இருக்கிறது. ஒரு கால் ரப்பர் அறுந்துபோன கறுப்புத் தவளை. புதிதாக அதே தவளை இரண்டு வாங்கி வைத்திருந்தும், கை முதலில் அதைத்தான் எடுக்கிறது.

யோசித்துப் பார்த்தால் காரணம் ராசி இல்லை. அதை நம்புவதால் நான் அதை அதிக நேரம் தண்ணீரில் வைத்திருக்கிறேன், மாற்றாமல் பொறுமையாக இழுக்கிறேன், எந்த இடத்தில் எத்தனை நொடி நிறுத்தினால் எப்படித் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரிகிறது. அறுந்த கால் காரணமாக அது கொஞ்சம் ஒருபக்கமாக நீந்துகிறது என்பதும் இருக்கலாம்.

ஃபின்லாந்தில் லௌரி ராபாலா என்ற மீனவர் 1936-இல் தக்கைக் கட்டையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய பளபளத் தாளை ஒட்டித் தன் முதல் லூரைச் செய்தார். கூட்டத்தில் கோணலாக நீந்துகிற, அடிபட்ட குட்டியைத்தான் பெரிய மீன்கள் முதலில் அடிக்கின்றன என்பதைக் கவனித்து, அதே தள்ளாட்டம் வருகிற மாதிரி செதுக்கினார். இன்றைய ராபாலா நிறுவனம் அதிலிருந்து வந்ததுதான். ஆக என் நொண்டித் தவளைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

உங்களுக்கு நம்பிக்கை வர ஒரு வழி: ஒரு நாள் முழுக்க ஒரே லூரோடு போங்கள். வேறு எதையும் எடுக்காதீர்கள். முதல் அரைமணி நேரம் கரையோரத் தெளிந்த தண்ணீரில், காலடியிலேயே இழுத்து அது எப்படி நீந்துகிறது என்று பாருங்கள். மெதுவாக இழுத்தால், வேகமாக இழுத்தால், நிறுத்தினால் மிதக்கிறதா முங்குகிறதா என்று. என்னிடம் லூர் கேட்டு வருகிற பத்துப் பேரில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை.

வீட்டிலேயே செய்யலாமா? மலிவான லூர் பரவாயில்லையா?

ஸ்பூன் செய்யலாம். பழைய எவர்சில்வர் ஸ்பூனின் காம்பை அறுத்துவிட்டு, இரண்டு முனையிலும் துளை போட்டு வளையம் மாட்டி, ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் சுழல் வளையம். விளிம்பை அரம் போட்டு மழுங்கச் செய்யாவிட்டால் நரம்பை அறுக்கும். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

மலிவான லூர்களில் உடம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், வளையமும் முள்ளும்தான் மோசம். பெரிய மீன் இழுத்தால் வளையம் விரியும். அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முள் கூர்மையா என்று பார்க்க நகத்தின் மேல் லேசாக வைத்து இழுங்கள், நகத்தில் பிடித்தால் சரி, வழுக்கினால் தீட்ட வேண்டும்.

நரம்பும் முடிச்சும்?

முப்பது பவுண்டு பின்னல் நரம்பு, அதற்கு முன்னால் ஒரு பாகம் (இரு கையையும் விரித்த அளவு) நீளத்துக்கு நாற்பது பவுண்டு சாதா நரம்பு. விராலும் வாளையும் பல்லுள்ளவை. முடிச்சு பாலோமர் ஒன்று தெரிந்தால் போதும். தவளையை நேரடியாகக் கட்டுங்கள், மற்ற நான்குக்கும் கொக்கி வளையம் போட்டால் மாற்றுவது சுலபம்.

லூர் அடிக்கடி முள்மரத்தில் மாட்டிக்கொள்கிறது.

ஏரிக்குள் நட்ட கருவேல மரங்கள் தண்ணீர் ஏறியதும் பாதி முங்கி நிற்கின்றன. விராலுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. கயாக் இருப்பதால் மாட்டிய லூரை அறுக்க வேண்டியதில்லை. நரம்பைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகப் போய், மரத்தின் மறுபக்கத்திலிருந்து, அதாவது லூர் நுழைந்த திசையில் பின்னோக்கித் தள்ளினால் வந்துவிடும். ராடை வளைத்துச் சுண்டினால் லூர் குண்டு மாதிரி முகத்துக்கு வரும், கண்ணாடி போட்டிருங்கள்.

காற்றடைக்கும் கயாக் வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கும்போதே பயந்திருப்பீர்கள். சரியான பயம்தான். கருவேல முள் என் கயாக்கின் பக்க அறையை ஒரு தடவை குத்தியிருக்கிறது. இரண்டு மூன்று தனி அறைகள் உள்ளதை வாங்கினால் ஒன்று போனாலும் கரை சேரலாம். அறுபது ரூபாய் லூருக்காக மரத்துக்குள் படகை விடாதீர்கள்.

ரப்பர் மீனெல்லாம் பெட்டியில் உருகி ஒட்டிக்கொண்டது. வெயிலா?

நம் ஊர் சித்திரை வெயிலும் ஒரு காரணம்தான், ஆனால் முக்கியமானது வேறு. ரப்பரை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் சில கட்டைப் பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் கரைக்கும். ரப்பர் மீனை அது வந்த உறையிலேயே வையுங்கள், கட்டை லூரோடு சேர்க்காதீர்கள். கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் போட்டால் சாயமும் ஏறும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று மிதக்கிறது. கீழே பெரிய விரால் நிச்சயம் இருக்குமாமே, அதில் வீசலாமா?

இருக்கும். ஆணும் பெண்ணும் குஞ்சுகளைக் காவல் காக்கும். எது வந்தாலும் அடிக்கும், அதனால் பிடிப்பது சுலபம். நான் வீசுவதில்லை. தாயைப் பிடித்தால் அந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஜிலேபியும் கெளுத்தியும் அரைமணி நேரத்தில் முடித்துவிடும். இந்த விஷயத்தில் என்னோடு சண்டை போடுகிற நண்பர்கள் உண்டு, அவர்களைக் கயாக்கில் ஏற்றுவதில்லை.

எங்கே இறங்கலாம்? ஒகேனக்கல் எப்படி?

ஒகேனக்கல் வேண்டாம். வெள்ளம் ஒரு காரணம். கர்நாடகத்தில் கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்து அளவு ஏறும், நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலையே நிறுத்திவிடும். பரிசல்காரர்களுக்கே முடியாத தண்ணீர் அது. ஆற்றில் முதலை உண்டு, ஒகேனக்கல்லில் முதலை மறுவாழ்வு மையமே இருக்கிறது. அதோடு அந்தக் காட்டுப் பகுதி 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று வன உயிரினச் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டது. அங்கே ராடோடு நுழைந்தால் வனத்துறை வழக்கு. காவிரியின் திமில் மஹசீர், அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-இல் சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மீன். அது லூரை நன்றாக எடுக்கும் என்பதே நாம் அங்கே வீசாமல் இருக்கக் காரணம்.

அணைகள் நீர்வளத்துறையின் கையில் இருக்கின்றன, மீன்பிடி உரிமை தனி. கேட்காமல் படகை இறக்காதீர்கள். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் கையை நனைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு வசதி சின்ன ஏரிகள்தான். மீன்பாசி குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) யார் எடுத்திருக்கிறார்கள் என்று ஊரில் கேளுங்கள். நேரில் போய், "அண்ணா, கட்லாவைத் தொடமாட்டேன், விரால் மட்டும்தான்" என்று சொல்லுங்கள். குஞ்சைத் தின்கிற விராலை யாராவது பிடித்தால் குத்தகைதாரருக்குச் சந்தோஷம்தான். நான் போகிற ஏரியில் அவருக்கு ஒரு சின்னத் தொகையும், பெரிய விரால் கிடைத்தால் அதில் பாதியும். வலை கட்டியிருக்கும் பக்கம் லூர் வீசாதீர்கள், வலையைக் கிழித்தால் அடுத்த வாரம் உள்ளே விடமாட்டார்.

கயாக் இல்லை. பரிசலில் உட்கார்ந்து வீசலாமா?

வீசிப் பார்த்திருக்கிறேன். வீசும்போது பரிசல் எதிர்ப்பக்கம் சுற்றும், சுருட்டும்போது இன்னொரு பக்கம் சுற்றும். துடுப்புக்கு ஓர் ஆள், ராடுக்கு ஓர் ஆள் என்று இருவர் போனால் கயாக்கைவிட இடவசதி அதிகம். அப்படியானால் பத்து லூர்கூட எடுத்துப்போங்கள்.

லைஃப் ஜாக்கெட் ஏரிக்கும் வேண்டுமா?

வேண்டும். நீச்சல் தெரிந்தவர்தான் செடியில் கால் சுற்றி மாட்டுவார்.

நான் புதுசு. முதல் தடவை ஒரே ஒரு லூர் வாங்கணும்னா?

உங்கள் ஏரியில் செடி அதிகமா, திறந்த தண்ணீர் அதிகமா? செடி என்றால் கறுப்புத் தவளை. திறந்த தண்ணீர் என்றால் வெள்ளித் தகடு ஸ்பின்னர், ஜிலேபியாவது கிடைக்கும். ஏரியை இன்னும் பார்க்கவில்லை என்றால், முதலில் ஒரு நாள் காலையில் வெறுங்கையோடு போய்க் கரையைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். அப்படியே குத்தகைதாரரையும் பார்த்துவிடலாம்.